முள்ளு டாக்டரும் எருக்கம்பாலும்

மணல்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவர்களுக்கு அந்தக் காலத்தில் இரண்டு டாக்டர்கள். ஒருத்தர் டவுனில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேசை விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர் ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பஞ்சர் ஒட்டினார். முதல் ஆளைப் பார்க்கச் சீட்டு வாங்கி, பெஞ்சில் காத்துக்கிடக்க வேண்டும். இரண்டாவது ஆளைப் பார்க்க ஒரு கால் சரியாக இருந்தால் போதும். இன்னொரு காலில் முள் ஏறியிருக்கும், நொண்டிக்கொண்டே வந்து சேருவார்கள்.

"முள்ளு டாக்டர் இருக்காரா?"

"வண்டிக்கு அடியில இருக்காரு. ரெண்டு காலு மட்டும் வெளிய தெரியும் பாருங்க, அதுகிட்டப் பேசுங்க" என்பாள் அவருடைய மனைவி, அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே.

அந்தக் கால்கள் கொஞ்சம் அசையும். உள்ளேயிருந்து குரல் வரும்: "எந்தக் காலு?"

"வலது."

"சரி, இடது காலால நின்னுக்கிட்டு இரு. இந்த நட்டு ஒண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது. அதை முடிச்சுட்டு வர்றேன்."

அந்தப் பக்கத்து மரங்களுக்கு இலை சிறுத்து முள் பெருத்திருந்தது. விரல் நீள முள். செருப்பின் ரப்பரைக் குத்திக்கொண்டு நேராகக் குதிகாலுக்குள் போய்விடும். ஒதுங்கப் போகிற லாரிக்காரர் நல்லபடியாகப் போவார், திரும்பி வரும்போது அம்மா அப்பா என்று வருவார். பஞ்சர்காரருக்கு அதனால் இரட்டை வேலை. டயரில் ஏறிய முள்ளையும் எடுப்பார், ஆளில் ஏறிய முள்ளையும் எடுப்பார். இரண்டுக்கும் ஒரே விரல்தான். டயருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி, இதோ இங்கே இருக்கிறது என்று நிறுத்துகிற அதே விரல், பாதத்திலும் தடவி அதே மாதிரி நிறுத்தும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் ஆள் துள்ளுவார்.

கொட்டகைக்குப் பின்னால் மூன்று எருக்கஞ்செடி நின்றது. யாரும் வைத்ததில்லை, யாரும் தண்ணீர் விட்டதும் இல்லை. மார்பு உயரத்துக்கு வளர்ந்து, சாம்பல் பூசின இலையும் ஊதாப் பூவுமாக, மழையைக் கண்டே இரண்டு வருஷம் ஆன மண்ணில் கொழுகொழுவென்று நிற்கும். ஆடுகூட அதில் வாய் வைக்காது. இலைக்காம்பை ஒடித்தால் பசு மடியில் வருகிற மாதிரி வெள்ளைவெளேரென்று பால் வரும். அந்தப் பாலைத்தான் முள் ஏறின துளையில் விடுவார். இரண்டு சொட்டு. அதற்கு மேல் கிடையாது. மேலே ஒரு எருக்கிலையை அனலில் வாட்டி வைத்து, கிழிந்த டியூபிலிருந்து வெட்டின ரப்பர் பட்டையால் ஒரு கட்டு. மறுநாள் திரும்பும் நடையில் அதே ஆள் வந்து இறங்குவார். கட்டைப் பிரித்து இரண்டு கட்டைவிரலாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்தினால் முள் தலையைத் தூக்கும். வழக்கமாக இடுக்கி தேவைப்படாது.

இதை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கொட்டகை போட்ட புதிதில் அவர் காலிலேயே முள் ஏறி, ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தர் நின்று, பாலை விட்டு, பேசாமல் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை. பார்த்ததை இவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

குதிகால் வலிக்கும் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. கிளட்சை மிதித்து மிதித்து லாரிக்காரர்களுக்கு இடது குதிகால் செத்துப்போயிருக்கும். செங்கல்லை அடுப்பில் காயவைத்து, பழுத்த எருக்கிலை நாலைந்தை அதன்மேல் போட்டு, சூடு பொறுக்கிற பதத்தில் குதிகாலை அழுத்தச் சொல்லுவார். சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரத்தில் போனால் பார்க்க வேண்டும். பழைய டயர்களைப் படுக்கப் போட்டு அதில் நாலு பேர், அஞ்சு பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு செங்கல்லில் காலை வைத்துக்கொண்டு, கையில் டீ கிளாசோடு, உலகத்தையே திட்டிக்கொண்டிருப்பார்கள். ராஜாக்கள் மாதிரி இருக்கும். அந்த மாதிரிச் சாயங்காலங்கள் இனி வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை என்று அவரே சொல்லுவார்.

வைத்தியம் எவ்வளவோ, கண்டிப்பும் அவ்வளவு.

"பால் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கழுவாம கண்ணைக் கசக்கினே, அப்புறம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம், கோலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். கட்டை நாளைக்கு அவுக்கணும். ஒருத்தன் மூணு நாளு வச்சிருந்தான். முள்ளும் வந்துச்சு, கூடவே தோலும் வந்துச்சு."

பல்வலி என்று ஒருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, சொத்தைப் பல்லில் ஒரு சொட்டு விடச் சொன்னார். "வாய்க்குள்ள போற சமாச்சாரம் நம்மகிட்ட இல்ல. இது விஷம்யா. ஆடே தொடல, நீ திங்கறேங்கிறே" என்று டவுனுக்கு விரட்டினார். அப்பாவுக்கு மூச்சிழுப்பு, எருக்கம்பூவைக் காயவைத்துக் கொடுக்கலாமா என்று ஒருத்தர் கேட்டார். அவரையும் விரட்டினார். காலுக்கு மேலே அவர் ஆட்சி கிடையாது. இவ்வளவு தெரிந்த மனுஷன்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

காற்று அடிக்கிற வெளியில் செடியிடம் ஓடி, காம்பை ஒடித்து, பால் வழிய வழிய இலையைத் தூக்கிக்கொண்டு வருவது பெரிய ரோதனை. கிரீஸ் கையில் வழுக்கும். இரண்டு சொட்டு விடப் போனால் எட்டுச் சொட்டு விழும், சுற்றித் தோல் வெந்துபோகும். அப்போதுதான் மாப்பிள்ளையின் காலிப் பாட்டில் அவர் கண்ணில் பட்டது.

மாப்பிள்ளை என்றால் தங்கச்சி புருஷன். அதே ரோட்டில் லாரி ஓட்டினார். வாரத்துக்கு இரண்டு நடை. ஒரு மைல் தூரத்திலேயே ஹாரனை மூன்று தடவை அடிப்பார். அதைக் கேட்டு பஞ்சர்காரர் மனைவி டீக்குத் தண்ணீர் வைத்தால், கொதி வரும்போது வண்டி வந்து நிற்கும். மணல் தூசிக்காக அந்த ரோட்டுக்காரர்கள் எல்லோரும் கண்மருந்து வைத்திருப்பார்கள். கட்டைவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டில், கூர்மூக்கு, மேலே ஒட்டின தாளில் நீலத்தில் ஒரு கண் படம். மாப்பிள்ளை தீர்ந்த பாட்டிலைக் கொட்டகையில் எங்கேயாவது வைத்துவிட்டுப் போவார். பஞ்சர்காரர் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு. அடடா என்று ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மூக்கைக் கழற்றி, பாலைப் பிடித்து, மூடி, பலகையில் வைத்துக்கொள்வார். ஒரு பக்கம் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டின், ஒரு பக்கம் வால்வு மூடி டப்பா, நடுவில் இது. பொழுது சாய்வதற்குள் பால் திரிந்துவிடும். கழுவிக் கவிழ்த்து வைப்பார்.

"அந்தக் காகிதத்தையாவது கிழிச்சுப் போடுங்களேன். கண்ணு படம் போட்டிருக்கு" என்றாள் மனைவி, ஒரு நாள் அல்ல, பல நாள்.

"இந்த ரோட்டுல இது என்னன்னு தெரியாதவன் எவன் இருக்கான்?"

"தெரியாதவன் ஒருத்தன் வருவான்."

"வந்தா பார்த்துக்கலாம். நீ டீயைப் பாரு."

வந்தது தெரியாதவன் இல்லை. எல்லாம் தெரிந்த மாப்பிள்ளைதான்.

காலையிலிருந்து மணல்காற்று. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. மதியம் கொஞ்சம் அடங்கின நேரத்தில் மூன்று ஹாரன் கேட்டது. மாப்பிள்ளை இறங்கும்போதே கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

"என்ன மாப்ள, அழுதுக்கிட்டே வர்றே? என் தங்கச்சி அடிச்சுட்டாளா?"

"உங்க தங்கச்சி அடிச்சா நான் இப்படி நிப்பேனா மச்சான்? பின் சக்கரம் உள்பக்கம் காத்து இறங்குது, பாருங்க. சாயங்காலத்துக்குள்ள சரக்கு இறக்கணும்."

பஞ்சர்காரர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். போகும்போதே பேச்சு அடுத்த மாசத்துக் கண் பரிசோதனையைப் பற்றிப் போனது. கம்பெனியில் நாலு புது வண்டி வந்திருந்தது. கண் பரிசோதனையில் தேறினவர்களுக்குத்தான் புது வண்டி. தேறாதவர்களுக்குப் பழைய வண்டியும் கிடையாது. கோடவுனில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

"எனக்கென்ன மச்சான், ஆகாசத்துல போற கழுகோட கால்நகம் தெரியும் எனக்கு" என்றார் மாப்பிள்ளை.

பஞ்சர்காரர் மனைவி பின்பக்கம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவினார். மேல்சட்டைப் பையில் பார்த்தார், மருந்து இல்லை. பலகையைப் பார்த்தார். சொல்யூஷன் டின்னுக்குப் பக்கத்தில் அவருடைய பாட்டில். அவர் வாங்கினது, அவர் வைத்துவிட்டுப் போனது, நீலக் கண் படம் போட்டது. எடுத்தார், தலையை அண்ணாந்தார், வலது கண்ணில் விட்டார். மூன்று சொட்டு. இடது கண்ணுக்குப் போனார், அழுத்தினார், வரவில்லை. பால் திரிந்து மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. பாட்டிலைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"மச்சான், கண்மருந்து தீந்து போச்சு. புதுசு வாங்கி வைக்கணும்" என்றார்.

"ஆங்" என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல். வாயில் இரண்டு நட்டு இருந்தது. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

சக்கரம் மாட்டி, டீ குடித்து, வண்டி கிளம்பிப் போய் கால் மணி நேரம் கழித்துத்தான் கை கழுவத் தொட்டிக்கு வந்தார். விளிம்பில் பாட்டில். மூடி ஒரு பக்கம் கிடந்தது. கூர்மூக்கில் தயிர்ப் பிசிறு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

அந்த "ஆங்" அப்போதுதான் அவருக்கே கேட்டது.

ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் புழுதிகூட இல்லை. கத்தவில்லையே, என்று நினைத்தார். எருக்கம்பால் கண்ணில் விழுந்திருந்தால் மனுஷன் தரையில் புரண்டிருக்க வேண்டாமா? டீ குடித்தார். கழுகைப் பற்றிப் பேசினார். சிரித்துக்கொண்டேதானே ஏறினார்? அப்படியானால் உள்ளே போகவில்லை. கன்னத்தில் விழுந்திருக்கும். துடைத்துவிட்டார். இப்படியே ஒவ்வொன்றாகத் தனக்குச் சொல்லிக்கொண்டு, காற்றடித்த டியூப் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சுற்றிச் சுற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ கிளாஸ்களைக் கழுவ வந்த மனைவி நின்றாள். "அது காலையில ஒட்டினது. அதுல என்னத்தைத் தேடுறீங்க?"

அவர் பாட்டிலை நீட்டினார். சொன்னார். அவள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள்.

அந்த நேரத்தில் ரோட்டோரக் கடைகளுக்குக் குடிதண்ணீர் ஊற்றுகிற டாங்கர் வந்தது. ஓட்டுகிறவரை எல்லோரும் தண்ணி அண்ணன் என்பார்கள். பஞ்சர்காரர் நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?"

"அண்ணே, முன்னாடி போன மஞ்சள் லாரியைப் பிடிக்கணும். கேள்வி கேக்காதீங்க, மிதிங்க."

தண்ணி அண்ணன் நல்ல மனுஷன். கேள்வி கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் மஞ்சள் லாரி ஒழுங்காக ஓரம் கட்டி நின்றது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தது. மாப்பிள்ளை நிழல் பக்கம் உட்கார்ந்து, ரோட்டோர மைல்கல்லைப் பார்த்தபடி, ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"மச்சான், நீங்களா? எப்படி வந்தீங்க? இதைக் கேளுங்க. இடது கண்ணால பார்த்தா கல்லுல நம்பர் இருக்கு. வலது கண்ணால பார்த்தா கல்லே இல்ல. வெறும் பனி."

"வலிக்குதா?"

"துளி வலி இல்ல. அதான் எனக்குப் புரியல. வெளிச்சம் மட்டும் ஊசி மாதிரி குத்துது."

வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது பஞ்சர்காரருக்கு. மாப்பிள்ளையின் தலையை மடியில் சாய்த்தார். தண்ணி அண்ணன் குழாயைத் திறந்துவிட, உள்ளங்கையில் வாங்கி வாங்கி, இமையை விரித்துப் பிடித்துக் கண்ணுக்குள் ஊற்றினார். அரை டாங்கர் போயிருக்கும். இரண்டு பேரும் இடுப்பு வரை நனைந்து, சுற்றி மணல் எல்லாம் சேறாகிவிட்டது.

"எதுக்கு மச்சான் இவ்வளவு தண்ணி?"

"மணல்" என்றார். "மணல் போயிருக்கு மாப்ள."

மாப்பிள்ளை நம்பினார். அவர் சொன்னால் நம்பாமல் வேறு என்ன செய்வார்? இருபது வருஷமாக டயரைப் பற்றி அவர் சொன்னதை நம்பித்தானே எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போனார்.

லாரியைப் பூட்டிவிட்டு, டாங்கரிலேயே டவுனுக்குப் போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சிறிய அறை, சுவரில் எழுத்துகள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கும் அட்டை, தாடையை வைத்துக்கொண்டு பார்க்கிற இயந்திரம். மாப்பிள்ளை வலது கண்ணால் முதல் எழுத்தைப் படிக்கச் சொன்னதற்கு, "அட்டை எங்கம்மா இருக்கு?" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை.

"கண்ணுல என்ன விட்டீங்க?"

"வழக்கமா விடுற மருந்துதாம்மா. மச்சான் கடையில வச்சிருந்தேன். மணல் போயிருக்கு, மச்சான் கழுவிவிட்டாரு."

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மணல் கீறினா வலிக்கணும். ம்... ஒரு மருந்து எழுதித் தர்றேன். நாலு நாள் கழிச்சு வாங்க." பேனாவைத் திறந்தார்.

பஞ்சர்காரர் கதவோரமாக நின்றார். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பேசாமல் இருந்தால் வெளியே போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அவருடைய பெயர் அந்த ரோட்டில் அப்படியே இருக்கும், தங்கச்சி முகத்தை நேராகப் பார்க்கலாம். கண் போனால் மணலால் போனது. பேனா தாளில் பட்டு இரண்டு வரி ஓடிவிட்டது.

"அது மருந்து இல்லம்மா" என்றார். "எருக்கம்பால். நான்தான் அந்தப் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன்."

பேனா நின்றது. மாப்பிள்ளை திரும்பினார். நல்ல கண்ணை மட்டும் அவர்மேல் வைத்தார்.

டாக்டரம்மா அவரை வைத்து வாங்கியதை இங்கே எழுத வேண்டாம். படித்தவர்கள் அப்படித் திட்டுவார்கள் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. திட்டி முடித்து, எழுதினதைக் கிழித்துப் போட்டு, வேறு தாள் எடுத்தார்.

"இது வலிக்காது. அதனாலதான் ஆளுங்க வீட்டுலயே உக்காந்துடுறாங்க. கருவிழி உள்பக்கம் வீங்கிப் பனி மூடின மாதிரி ஆயிடும். கழுவினீங்களே, அது ஒண்ணுதான் நீங்க செஞ்ச நல்ல காரியம். மணி தவறாம மருந்து விடணும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை இங்க வரணும்."

"பார்வை வந்துடுமாம்மா?"

"இப்போ சொல்ல மாட்டேன். நாளாகும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கண்ணைத் தொட்டுப் பார்த்தார். பாட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மணல்னு சொன்னீங்களே மச்சான்" என்றார்.

பஞ்சர்காரர் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைப் பக்கம் எழுந்து போனார்.

ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருக்க வேண்டும் என்பதால் மாப்பிள்ளை கொட்டகைக்குப் பின்னாலிருந்த அவர்கள் அறையிலேயே தங்கினார். மறுநாள் தங்கச்சி கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேரே புருஷனிடம் போனாள். கட்டைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, "அண்ணி, அவருகிட்டச் சொல்லுங்க, மருந்தை நீங்க விடுங்க. அவரு கை வேண்டாம்" என்றாள். அண்ணன் மூன்றடி தள்ளித்தான் நின்றார். அண்ணே என்று கூப்பிடவில்லை, அவரு என்றாள்.

அந்தப் பதினைந்து நாளும் ஒரே வேலைதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கொட்டகைக்கு நேர் எதிரே ஒரு மைல்கல். காலையில் கட்டை அவிழ்த்து மருந்து விட்டதும் மாப்பிள்ளை வாசலில் டயர்மேல் உட்கார்ந்து, நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, மைல்கல் பக்கம் பார்ப்பார். பஞ்சர்காரர் மனைவியும் தங்கச்சியும் இரண்டு பக்கம். பஞ்சர்காரர் தள்ளி, வேலை செய்கிற மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு காதை அங்கே வைத்திருப்பார்.

"ஒண்ணும் இல்ல" என்பார் மாப்பிள்ளை. முதல் நாலு நாளும் அதுதான்.

ஐந்தாம் நாள், "ஏதோ கறுப்பா நிக்குது" என்றார்.

"அது ஆடு" என்றாள் தங்கச்சி.

"ஆடுன்னாலும் சரி, நிக்குதில்ல?"

தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். பஞ்சர்காரர் கையிலிருந்த அரம் எதையும் அராவாமல் அந்தரத்தில் நின்றது. ஏழாம் நாள் கல் தெரிந்தது. பத்தாம் நாள் கல்லின் தலையில் மஞ்சள் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் பின்னுக்குப் போய்விட்டது, மறுபடி மஞ்சளும் இல்லை, பனிதான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வேண்டாத வெளிச்சத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்ததால் வந்தது என்று டாக்டரம்மா மறுபடி எல்லோரையும் திட்டினார்.

பதினைந்தாம் நாள் மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி, "என்னங்க?" என்றாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சான்! நாற்பத்தி மூணு. நாலு கொஞ்சம் அழிஞ்சிருக்கு. பெயின்ட் அடிக்கச் சொல்லணும்."

பஞ்சர்காரர் திரும்பவில்லை. தலையைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டு, முகம் கழுவுகிற மாதிரி, வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்.

"அண்ணே, மூச்சு முட்டிடப்போகுது" என்றாள் தங்கச்சி.

அடுத்த மாசம் மாப்பிள்ளை பரிசோதனையில் தேறினார். புது வண்டியின் ஹாரன் சத்தம் வேறே. ஆனால் மூன்று தடவைதான் அடித்தார்.

எருக்கஞ்செடியை வெட்டிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்டவில்லை. செடி என்ன பண்ணும், அது பேசாமல்தானே நின்றது என்றார். பாட்டிலைத்தான் அடுப்பில் போட்டார். அதற்கப்புறம் முள் எடுக்க வருகிறவரைச் செடியிடமே கூட்டிக்கொண்டு போனார், அவரைக் கண்ணை இறுக்க மூடச் சொன்னார், காம்பிலிருந்து நேராகச் சொட்டினார். முன்னாடி ஒரு கதையும் சொன்னார். "இந்தப் பாலாலதான் என் மாப்பிள்ளை கண்ணை நான் கெடுத்தேன். கேட்டுக்கிட்டியா? இப்போ காலை நீட்டு. வேண்டாம்னா டவுனுக்குப் போ." பாதிப் பேர் டவுனுக்குப் போனார்கள். அவர்களை அவர் மரியாதையாகவே அனுப்பினார்.

இதெல்லாம் முப்பது வருஷத்துக் கதை. பஞ்சர்காரருக்கு இப்போது டவுனில், மகன் வீட்டு மாடியில் ஒரு அறை. போன மாசம் கண்புரை ஆபரேஷன் ஆனது. மாப்பிள்ளையும் ஓட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒரு நாளைக்கு நாலு வேளை மருந்து விட வேண்டும். மருமகள் விடுகிறேன் என்றாள், மனைவி விடுகிறேன் என்றாள். மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. நாலு வேளையும் படியேறி மூச்சிரைக்க வருகிறார்.

வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மருந்தின் பேரை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படிப்பார். தேதியைப் படிப்பார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார்.

"எந்தச் செடியிலயிருந்து மச்சான் எடுத்தது இது?"

"போதும்டா மாப்ள, முப்பது வருஷமா இதையே கேக்கறே."

"இன்னும் முப்பது வருஷம் கேப்பேன். கொட்டகையில செங்கல்லுல காலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்த மாதிரி சும்மா உக்காருங்க. அண்ணாந்து பாருங்க. ஆடாதீங்க."

பஞ்சர்காரர் அண்ணாந்து பார்க்கிறார். மேலே மாப்பிள்ளை முகம், வழுக்கைத் தலை, கழுகின் கால்நகம் தெரியும் என்று பீற்றிக்கொண்ட அந்த வலது கண். ஒரு சொட்டு விழுகிறது.

"எரியுதா?"

"ஆமா, எரியுது."

"நல்லது" என்கிறார் மாப்பிள்ளை, மூடியைத் திருகிக்கொண்டே. "எரியலைன்னாதான் நாம பயப்படணும்."